லொஃப்டில் கிடைத்த படம்

கேள்வி: ஐயா, நாங்கள் ஈஸ்ட்ஹாமில் புதிதாக வாங்கிய வீட்டின் லொஃப்டைத் துப்புரவாக்கும்போது ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் இந்தப் படம் கிடைத்தது. குண்டு விழுந்து நாலைந்து வீடுகள் சிதைந்து கிடக்கின்றன. பின்பக்கம் பென்சிலால் ஆங்கிலத்தில் 'ஆல்பர்ட்' என்றும், அதன் கீழே 'பெப்ரவரி' என்பதன் சுருக்கமும் இருக்கின்றன. ஆண்டு இல்லை. தெருப் பலகையில் 'ஈ. 15' என்று தபால் வட்டார எண் தெரிகிறது. அது ஸ்ட்ராட்போர்ட் என்பது என் எண்ணம். நோர்த் வூலிச்சில் ஆல்பர்ட் ரோட் என்று ஒன்று இருக்கிறது, துறைமுகப் பக்கம் என்பதால்தான் இவ்வளவு சேதம் என்கிறார் என் கணவர். மகன் இது எங்கள் தெருவேதான் என்று அடம் பிடிக்கிறான். மூவரில் யார் சொல்வது சரி?
— ம. கௌரி, ஈஸ்ட்ஹாம்

பதில்: மூவருமே இல்லை, கௌரி. ஆனால் படத்தின் இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்து, ஓரம் வெட்டாமல் அனுப்பினீர்களே, அதற்காக உங்களுக்கு நான் ஒரு தேத்தண்ணி கடன். எனக்கு வரும் படங்களில் பாதி போனில் சரித்துப் பிடித்து, ஓரம் போய், பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்ற தகவலே இல்லாமல்தான் வருகின்றன.

மற்ற வாசகர்களுக்காகப் படத்தைச் சொல்லிவிடுகிறேன். சரிவான ஒரு தெரு. இடப்பக்கம் ஒன்றோடொன்று ஒட்டிய செங்கல் வீட்டு வரிசை. நடுவே நான்கு வீடுகள் இருந்த இடம் வெறுமையாக இருக்கிறது. இடைவெளிக்கு அந்தப் பக்கம் தப்பி நிற்கும் வீட்டின் பக்கச்சுவர் இப்போது வெளிச்சுவராகிவிட்டது. அதில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கணப்படுப்புகள், மேல் அறையின் பூப்போட்ட சுவர்க்கடதாசி, இல்லாமல் போன மாடிப்படியின் சாய்வான தடம். நடைபாதையோரம் செங்கற்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. மரங்கள் மொட்டை. தெரு முடிவுக்கு அப்பால், தூரத்து மேட்டில், நெட்டையாக ஏதோ ஒன்று மங்கலாக நிற்கிறது. கௌரி அதை 'ஃபக்டரிப் புகைபோக்கி' என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் நில அளவைப் படம் கீறிப் பழகியவன். இங்கே வந்தபின் தெற்கு லண்டனில் ஒரு கவுன்சிலின் வரைபட அறையில் முப்பது வருசம் உட்கார்ந்திருந்தேன். அங்கே மூத்தவர் ஒருவர் இருந்தார், போர்க்காலத்தில் பள்ளிச் சிறுவன். குண்டுச் சேதப் படம் எதையாவது நீட்டினால் நடுப்பகுதியை உள்ளங்கையால் மறைத்துவிட்டுத்தான் பார்ப்பார். இடிந்த வீடு எந்த ஊரிலும் ஒரே மாதிரி. செங்கல், மரம், தூசு. அது முகவரி சொல்லாது, பக்கத்தில் நிற்கிற வீடுதான் சொல்லும். நானும் உங்கள் படத்தை அப்படித்தான் பார்த்தேன்.

முதலில் மகனின் கட்சி. ஈஸ்ட்ஹாம் தட்டைத் தரை. மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுவது என்று யோசித்து நிற்கும் ஊர். படத்தில் உள்ள வரிசையில் ஒவ்வொரு வீட்டின் கூரைத் தாழ்வாரமும் பக்கத்து வீட்டைவிட ஒரு படி இறங்குகிறது. பெரிதாக்கிச் செங்கல் வரிகளை எண்ணினேன். வீட்டுக்கு ஐந்து வரி. சாந்தோடு சேர்த்து ஒரு வரி மூன்று அங்குலம் என்றால், ஒரு வீட்டுக்குப் பதினைந்து அங்குலம் இறக்கம். இந்த மாதிரி வீட்டின் முகப்பு ஏறக்குறைய பதினாறு அடி. அதாவது பதின்மூன்று அடிக்கு ஓர் அடி. சைக்கிளில் ஏறினால் இறங்கித் தள்ள வேண்டிய மேடு. ஈஸ்ட்ஹாமில் அப்படி ஒரு தெரு இல்லை. வீடுகள் மட்டும் உங்கள் வீட்டை உரித்து வைத்தாற்போல இருக்கின்றன, அதில் மகன் மேல் பிழை இல்லை. ஈஸ்ட்ஹாமில் 1901-ல் ஏறக்குறைய 96,000 பேர். பத்து வருசத்துக்கு முன் அதில் மூன்றில் ஒரு பங்குதான். அந்த அவசரத்தில் கட்டிய வரிசை வீடுகளும், அதே காலத்தில் தேம்ஸுக்குத் தெற்கே கட்டியவையும் ஒரே அச்சு: முன்னால் துருத்திய ஜன்னல், ஜன்னல் தூண் தலையில் சிமெண்ட் இலை, வாசல் வளைவின் உச்சியில் ஒரு முகமோ பூவோ.

அடுத்தது கணவரின் கட்சி. நோர்த் வூலிச்சின் ஆல்பர்ட் ரோட்டும் ஆற்றங்கரைச் சமதரைதான். ஒரு பக்கம் ரயில் பாதை, அதற்கு அப்பால் துறைமுகம், அந்தக் காலப் படமென்றால் வானத்தில் கிரேன் தெரியவேண்டும். துறைமுகப் பக்கம் குண்டு அதிகம் என்பது உண்மை. 1940 செப்டெம்பர் 7 பின்னேரம் முதல் பெரிய தாக்குதல் வந்தது அங்கேதான். ஆனால் 'ஆல்பர்ட்' என்பது தெருவின் பெயர் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? பின்பக்கத்தை மறுபடி பாருங்கள். பெயரின் முடிவில் ஒரு சின்னக் கீறலும், அதை ஒட்டி 'எஸ்' எழுத்தும் இருக்கின்றன. 'ஆல்பர்ட்' இல்லை, 'ஆல்பர்ட்டினுடையது'. ஆல்பர்ட்டின் வீடு. மாமாவோ மச்சானோ, ஓர் ஆள். தெருவாக எடுத்துத் தேடியிருந்தால் கிழமைக்கணக்கில் அலைந்திருப்போம், ஏனென்றால் விக்டோரியா ராணியின் கணவர் பெயரில் தெரு இல்லாத பேட்டையே இங்கே அரிது. ஒரே பெயர் பல இடங்களில் இருப்பது தொல்லை என்று லண்டன் மாவட்டக் கவுன்சில் 1930-களில் நூற்றுக்கணக்கான தெருக்களுக்குப் பெயர் மாற்றியது. பழைய கடிதத்தில் உள்ள தெருப் பெயர் வரைபடத்தில் இல்லை என்று எழுதுகிற வாசகர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக உங்கள் 'ஈ. 15'. நீங்கள்தான் கிட்ட வந்தீர்கள். பலகையின் இடப்பாதியைத் தொங்கும் மழைநீர்ப் பீலி மறைக்கிறது. தெரியும் பகுதியில் 'ஈ' எழுத்துக்கு வலப்பக்கம் ஒரு புள்ளி. இடப்பக்கமும், பீலியை ஒட்டி, ஒரு புள்ளி! எழுத்துக்கு முன்னால் புள்ளி வருவதென்றால் அதற்கு முன் இன்னொரு எழுத்து இருந்திருக்க வேண்டும். ஈ. 15 இல்லை, எஸ்.ஈ. 15. ஸ்ட்ராட்போர்ட் இல்லை, ஆற்றுக்குத் தெற்கே பெக்கம், நன்ஹெட். ஸ்கேன் தூசியாக இருக்குமோ என்று எனக்கும் சந்தேகம் வந்தது. உங்களிடம் மறுபடி ஸ்கேன் செய்து அனுப்பச் சொன்னது அதற்காகத்தான். இரண்டாவதிலும் புள்ளி அதே இடத்தில் நின்றது.

(இந்த எண்கள் 1917-ல் வந்தவை. முதல் உலகப் போரில் தபால் பிரிக்கும் பழைய கைகள் போர்முனைக்குப் போய்விட, புதியவர்களுக்கு வேலையைச் சுலபமாக்க எழுத்தோடு எண்ணும் சேர்த்தார்கள். பலகையில் எழுத்து மட்டும் இருந்தால் அந்தப் பலகை அதற்கு முந்தியது. படம் முந்தியது என்று சொல்ல முடியாது; பலகையை யாரும் அவசரப்பட்டு மாற்றுவதில்லை.)

எஸ்.ஈ. 15 என்றதும் எனக்குப் பாதிப் பாரம் இறங்கியது. காரணம் சொல்கிறேன். ஸ்ட்ராட்போர்ட் வெஸ்ட்ஹாமைச் சேர்ந்தது. வெஸ்ட்ஹாம், ஈஸ்ட்ஹாம் இரண்டும் 1965 வரை லண்டன் மாவட்டத்துக்குள் இல்லை, எசெக்ஸ் பக்கம். தபாலுக்கு லண்டன், நிர்வாகத்துக்கு வேறு. லண்டன் மாவட்டக் கவுன்சிலின் குண்டுச் சேத வரைபடங்களில் அவை கிடையாது. பெக்கமும் நன்ஹெட்டும் கேம்பர்வெல் பேட்டை, ஆகவே உள்ளே. அந்த வரைபடங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வீடு வீடாகக் கையால் நிறம் தீட்டியது. முற்றாக அழிந்தது கறுப்பு. திருத்தவே முடியாதது ஊதா. திருத்தலாமா என்பதே சந்தேகம் என்றால் கடும் சிவப்பு, செலவழித்தால் திருத்தலாம் என்றால் இளஞ்சிவப்பு. கூரை, கண்ணாடி போன அளவில் செம்மஞ்சளும் மஞ்சளும். பின்னால் வந்த பறக்கும் குண்டுகளுக்குப் பெரிய வட்டம், ராக்கெட்டுகளுக்குச் சின்ன வட்டம். பல வருசம் படம் கீறியவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த நிறம் தீட்டியவர்களின் கை நடுங்கவேயில்லை. சில தாள்களில் கறுப்பும் ஊதாவுமாக ஒரு முழுத் தெரு கிடக்கும். கோட்டுக்கு வெளியே ஒரு துளி மை சிந்தியிருக்காது.

சரி, இப்போது அந்தப் புகைபோக்கி.

பளிங்கு மாளிகை என்று சொல்வார்களே, கிரிஸ்டல் பேலஸ், 1851-ல் ஹைட் பார்க்கில் கண்காட்சிக்காகக் கட்டிய கண்ணாடி மண்டபம். அதைப் பிரித்துக் கொண்டுபோய்த் தெற்கே சிடன்ஹாம் மேட்டில் 1854-ல் மறுபடி நிறுத்தினார்கள். நீரூற்றுகளுக்குத் தண்ணீர் ஏற்ற, இரு முனையிலும் பொறியாளர் புரூனெல் திட்டமிட்ட இரண்டு நீர்க்கோபுரங்கள், ஒவ்வொன்றும் 284 அடி. மாளிகை 1936 நவம்பர் 30 இரவு எரிந்து போனது. கோபுரங்கள் தப்பின. அப்புறம் ஒன்றைப் பிரித்து இறக்கினார்கள். மற்றதை 1941 ஏப்ரலில் வெடிவைத்துச் சாய்த்தார்கள். ஜெர்மன் விமானிகளுக்கு அது வழிகாட்டியாகிவிடும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். எதுவாக இருந்தாலும், 1941 ஏப்ரலுக்குப் பிறகு எடுத்த எந்தப் படத்திலும் அந்த மேட்டில் கோபுரம் நிற்க முடியாது.

உங்கள் படத்தில் நிற்கிறது. ஒன்றுதான், ஆனால் நிற்கிறது. புகைபோக்கி என்றால் மேலே போகப்போக ஒடுங்கும். இது மேலே தடித்திருக்கிறது, தண்ணீர்த் தொட்டி வைத்த தலை. இனி ஆண்டைச் சொல்ல நான் தேவையில்லை. பின்பக்கம் 'பெப்ரவரி'. லண்டன் மேல் குண்டு விழத் தொடங்கியது 1940 கோடையின் முடிவில். கோபுரம் போனது 1941 ஏப்ரலில். இடையில் இருப்பது ஒரே ஒரு பெப்ரவரி.

ஆனால் குண்டு விழுந்தது அந்த மாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். செங்கல் அடுக்கியாயிற்று, பக்கத்து வீட்டுக் கூரைக்குத் தார்ப்பாய் போட்டாயிற்று, ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் பலகை அடித்தாயிற்று. நேற்றைய காயம் இல்லை இது. ஆகவே லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் குண்டுக் கணக்கெடுப்புத் தாள்களைப் பார்ப்பதாக இருந்தால் 1940 செப்டெம்பரிலிருந்தே தொடங்க வேண்டும். எந்த வகைக் குண்டு என்று உங்கள் மகன் கேட்டிருந்தார். பாரசூட்டில் இறங்கும் கண்ணிவெடியாக இருந்தால் பக்கத்து வீடு கணப்படுப்போடு நின்றிருக்காது, தெருவில் ஒரு பெரும் பகுதியே போயிருக்கும். நான்கு வீட்டோடு நின்றதால் நடுத்தரக் குண்டு ஒன்று, அவ்வளவுதான்.

இடம் பிடிப்பது இனிக் கணக்கு வேலை. தெருவின் அச்சுக்கு நேரே, இம்மி வலப்பக்கம் தள்ளிக் கோபுரம் தெரிகிறது. வரைபடத்தில் கோபுரம் நின்ற இடத்தில் அடிமட்டத்தின் ஒரு முனையை வைத்து, மறுமுனையை எஸ்.ஈ. 15 முழுக்கச் சுழற்றினேன். எந்தத் தெரு அந்தக் கோட்டோடு படுக்கிறதோ அதைக் குறித்தேன். ஒன்பது தெரு. சரிவு இல்லாதவற்றை அடித்தேன், நாலு மிஞ்சின. இடப்பக்கம் நான்கு வீட்டு அகலத்துக்குக் கறுப்போ ஊதாவோ உள்ளவை இரண்டு. இரண்டும் நன்ஹெட்டின் மேட்டுப் பக்கம். அந்தப் பகுதிக்குப் போர் முடிந்தபின் வந்த பெரிய அளவு வரைபடத்தைப் பிரித்தேன்; இடிபாட்டை அப்படியே 'இடிபாடு' என்று எழுதி வைத்திருக்கிற நேர்மையான வரைபடம் அது. அப்போதும் இரண்டும் விடவில்லை.

பிறகு என்ன, ஒரு செவ்வாய்க்கிழமை காலை மனைவி கட்டித்தந்த இடியப்பத்தோடு நன்ஹெட் ஸ்டேசனில் இறங்கினேன். முதல் தெருவில் இடைவெளியை ஒட்டி நிற்கும் வீட்டின் புகைபோக்கிக்கு ஆறு வாய். படத்தில் நாலு. புகைபோக்கி வாய்களை எண்ணுவது கணப்படுப்புகளை எண்ணுவது மாதிரி. வாய் ஒன்று பின்னாளில் உடைந்து போகலாம், புதிதாக முளைக்காது. இரண்டாவது தெருவில் திரும்பியதும் தெரிந்துவிட்டது. வரிசையின் நடுவே நான்கு வீடுகள் தட்டை முகப்போடு, துருத்திய ஜன்னல் இல்லாமல், வேறு செங்கலில், 1950-களின் கட்டடம். அதை அடுத்து நிற்கும் பழைய வீட்டின் வாசல் உச்சியில் மூக்கு உடைந்த ஒரு பெண் முகம். உங்கள் படத்திலும் அந்த மூக்கு உடைந்துதான் இருக்கிறது. தெரு நடுவே நின்று நிமிர்ந்து பார்த்தேன். தூரத்து மேட்டில், கோபுரம் நின்ற பக்கத்திலேயே, இப்போது கிரிஸ்டல் பேலஸ் தொலைக்காட்சிக் கம்பம், 219 மீட்டர்.

நான் படத்தையும் வீட்டையும் மாறி மாறிப் பார்ப்பதைக் கண்டு ஒரு நைஜீரியப் பெண்மணி கதவைத் திறந்து, 'கவுன்சிலில் இருந்து வந்தீர்களா?' என்று கேட்டார். முப்பது வருசம் அந்தக் கேள்விக்கு ஆமாம் என்றே பதில் சொல்லிப் பழகிய வாய். படத்தைக் காட்டினேன். தன் வீட்டுப் பக்கச்சுவர் மட்டும் ஏன் எப்போதும் ஈரம் கசிகிறது என்று அவருக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அது வெளிச்சுவராக இருக்கக் கட்டிய சுவரே இல்லை. பத்துப் பதினைந்து வருசம் மழையில் நனைந்து, பிறகுதான் புது வீடு வந்து மூடியிருக்கிறது.

தெருப் பெயரையும் வீட்டு எண்களையும் இங்கே அச்சிடவில்லை. இன்றும் ஆட்கள் குடியிருக்கும் வீடுகள், அதோடு அங்கே செத்தவர்களும் உண்டு. உங்களுக்குத் தனிக் கடிதத்தில் எழுதியிருக்கிறேன்.

ஆல்பர்ட் யார் என்பது இனி உங்கள் வேலை. 1931 கணக்கெடுப்பை நம்ப வேண்டாம், இங்கிலாந்து, வேல்ஸ் தாள்கள் 1942-ல் எரிந்து போயின, குண்டால் அல்ல, கிட்டங்கித் தீயால். 1941-ல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. கைகொடுப்பது 1939 செப்டெம்பர் 29-ல் எடுத்த பதிவேடு. அடையாள அட்டை கொடுப்பதற்காக வீடு வீடாக எழுதியது, ஆள், பிறந்த நாள், தொழில் எல்லாம் இருக்கும். அந்த நான்கு எண்களில் ஆல்பர்ட் இருக்கிறாரா பாருங்கள். போரில் இறந்த பொதுமக்கள் 67,000 பேரளவில் ஊர்வாரியாகப் பெயரும் முகவரியும் எழுதிய பட்டியல் ஒன்று உண்டு. அதில் கேம்பர்வெல் பகுதியை நானே பார்த்தேன். அந்தத் தெருவில் இறந்தவர்களில் ஆல்பர்ட் இல்லை.

இன்னொன்று. தப்பி நிற்கும் வீட்டின் கதவு நிலையில் சுண்ணாம்புக் கட்டியால் இரண்டு வரி கிறுக்கியிருக்கிறது. வீடு இழந்தவர்கள் எங்கே போயிருக்கிறார்கள் என்று தபால்காரருக்கு எழுதி வைக்கும் வழக்கம் அது. முதல் வரி வாசிக்க முடியவில்லை. இரண்டாவதன் முதல் எழுத்து 'ஈ' மாதிரி இருக்கிறது. ஈஸ்ட்ஹாம் என்று வாசிக்க எனக்கும் ஆசைதான், படம் உங்கள் லொஃப்டுக்கு வந்த கதையும் முடிந்துவிடும். ஆனால் அது 'எஃப்' ஆகவும் இருக்கலாம். விட்டுவிட்டேன்.

கேள்வி: லண்டனில் இடிபாடுகளின் மேல் பால்காரர் ஒருவர் போத்தல் கூடையோடு நடந்து வருகிற படம் பொய் என்கிறார்களே?
— வாசகர், ஹரோ

பதில்: இடிபாடு பொய் இல்லை, பின்னால் தண்ணீர் பாய்ச்சும் தீயணைப்புக்காரர்களும் பொய் இல்லை. பிரெட் மோர்லி 1940 ஒக்டோபர் 9-ல் எடுத்தது. பால்காரரின் மேலங்கியையும் கூடையையும் இரவல் வாங்கித் தன் உதவியாளரை நடக்க விட்டார் என்பது பரவலாகச் சொல்லப்படுவது. வெறும் இடிபாட்டைத் தணிக்கையாளர் தடுப்பார், நடுவில் ஒருவர் பால் கொண்டுபோனால் விடுவார். அந்தக் காலப் பத்திரிகைப் படங்களில் இடம் கண்டுபிடிப்பது கடினம் என்பதற்கும் அதே தணிக்கைதான் காரணம்: 'லண்டனில் ஒரு தெரு' என்பதற்கு மேல் எழுத விடமாட்டார்கள். செயின்ட் போல் தேவாலயம் புகைக்கு மேல் எழும் படத்தையே பாருங்கள், 1940 டிசெம்பர் 29 இரவு ஹெர்பர்ட் மேசன் எடுத்தது. மூலப் படத்தின் முன்னால் எரிந்து கூடாகிப்போன கட்டடங்கள் நிறைய உண்டு. பத்திரிகையில் வந்தபோது அவற்றில் பெரும்பங்கை வெட்டிவிட்டார்கள். ஆகவே பத்திரிகைப் படமென்றால் வெட்டாத பிரதியைத் தேடுங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் 'இரண்டாம் உலகப் போரில் சென்னை மீது ஜப்பான் குண்டு' என்று ஒரு படம் சுற்றுகிறது. வட்டமான பெரிய தொட்டிகள் எரிகின்றன. எந்த இடம்?
— வாசகர், மயிலாப்பூர்

பதில்: இடம் சென்னைதான், போர் வேறு. எண்ணெய்த் தொட்டிகள் என்றாலே 1914 செப்டெம்பர் 22 இரவு, ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல். பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகள் எரிந்தன. அந்த நினைவுக் கல் இப்போதும் உயர் நீதிமன்றச் சுவரில் இருக்கிறது. ஜப்பான் 1942 ஏப்ரலில் குண்டு போட்டது கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடாவில். அந்த மாதம் சென்னை பயத்தில் காலியானதே தவிர எரியவில்லை.

கேள்வி: ஐயா, 90-களில் குண்டு விழுந்த ஒரு வீட்டின் கலர்ப் படம் எங்களிடம் இருக்கிறது. அது உரும்பிராயில் எங்கள் பெரியப்பா வீடு என்கிறார் அப்பா. மாமி, இல்லை, சாவகச்சேரியில் தன் வீடு என்கிறா. லண்டன் தெருக்களைக் கண்டுபிடிப்பது போல இதையும் கண்டுபிடிக்க முடியுமா?
— தி. அருண், ஸ்காபரோ

பதில்: தம்பி, இது லண்டனைவிடக் கஷ்டமும் சுலபமும். கஷ்டம், ஏனென்றால் எங்கள் வீடுகள் வரிசையில் நிற்பவை அல்ல. வளவுக்கு நடுவே தனியே நிற்கும், முன்னால் மதில் அல்லது வேலி. பக்கத்து வீடு படத்துக்குள் வராது.

சுலபம், மண்ணால். உங்கள் படத்தில் வெள்ளைச் சுவரின் அடியைப் பாருங்கள். நிலத்திலிருந்து முழங்கால் உயரத்துக்குச் செங்காவி ஏறியிருக்கிறது. அது பெயின்ட் இல்லை, மாரி மழை அடித்துத் தெறித்த செம்பாட்டு மண். உரும்பிராய், கோண்டாவில், திருநெல்வேலிப் பக்கத்து வீடு எதற்கும் அந்தக் கரை உண்டு. சாவகச்சேரி இருக்கும் தென்மராட்சி மணல் தரை, மழைக்கு அப்படிச் சிவக்காது. மாமியிடம் இதைச் சொல்லும்போது கொஞ்சம் பக்குவமாகச் சொல்லுங்கள். தன் வீட்டுக்கு ஒரு படமாவது இருக்கிறது என்று நினைத்திருப்பா.

நிழலைப் பார்த்துத் திசை சொல்லியிருக்கிறார் உங்கள் நண்பர். அது லண்டனுக்குச் சரி, அங்கே மத்தியான நிழல் எப்போதும் வடக்கே விழும். யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் நடுவிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரை உச்சிச் சூரியன் வடக்குப் பக்கம், நிழல் தெற்கே. மாதம் தெரியாமல் திசை சொல்லக்கூடாது. படத்தில் முருங்கை காய்த்திருக்கிறது, அதை வைத்து மாதம் சொல்லவும் எனக்குத் துணிவில்லை.

எங்கள் வீட்டுக்கும் ஒரு படம் இருக்கிறது, அதே காலம். யாரோ ஒருவர் எடுத்து, கை மாறி, இங்கே என்னிடம் வந்தது. கூரை இல்லை, முன் விறாந்தை இல்லை. நான் பிறந்து வளர்ந்த வீடு, இருபது நிமிசம் பார்த்தும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. என் அக்காதான் படத்தின் மூலையைத் தொட்டாள். பக்கத்து வளவுக்காரரின் படலைத் தூணில், சின்ன வயதில் நான் ஆணியால் கீறிய மாட்டுத் தலை. அதற்கு அன்றைக்கு எனக்கு அடி விழுந்தது. ஆகவே, அருண், படத்தை உரும்பிராயில் இப்போதும் இருக்கிற யாருக்காவது அனுப்புங்கள். வீட்டைக் கேட்காதீர்கள். வலப்பக்கம் தெரிகிற கிணற்றுக் கட்டையும் அதன் துலாவையும் காட்டி, இது யாருடைய கிணறு என்று கேளுங்கள்.